விளையாட்டின் நடுவே நின்றுபோகும் கணிப்பொறி: குறியும் காரணமும்

நோயின் குறி வேறு, நோயின் முதல் வேறு என்பது மருத்துவத்திற்கு மட்டும் உரிய செய்தியன்று. கடிதம் எழுதும்போதும் கணக்குப் பார்க்கும்போதும் ஒழுங்காக இயங்கும் கணிப்பொறி, விளையாட்டின் நடுவே முன்னறிவிப்பின்றி நின்றுபோவதை மாணவர் பலர் கண்டிருப்பர். திரை இருண்டதும் பெரும்பாலோர் வரைகலை அட்டையின் மீதே பழி சுமத்துகின்றனர். அவ்வட்டை விலைமிக்க உறுப்பாதலின், பிழைபட்ட முடிவு ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பைக் கரைத்துவிடும். எனவே இதனை அளவை நெறி நின்று ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

மணிமேகலையின் 29ஆம் காதை ஏதுப்போலிகளுள் ஒன்றாக அநைகாந்திகத்தைக் கூறுகிறது. அதன் வகைகளுள் ஒன்று சாதாரணம். ஒரு குறி, நாம் நிறுவக் கருதும் பொருளிடத்தும் அதற்கு மாறானதனிடத்தும் ஒருங்கே காணப்படுமாயின், அதனைக்கொண்டு எதனையும் துணிதல் இயலாது என்பது அதன் கருத்து. விண்டோசின் நிகழ்வுப் பதிவேட்டில் தோன்றும் 'கெர்னல்-பவர் 41' இத்தகைய குறியேயாம். 'பவர்' என்னும் சொல்லைக் கண்ட அளவிலேயே மின்வழங்கி பழுதென்று முடிவு கட்டுவோர் உளர். பொறி முறையாக அணைக்கப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதற்கு மேல் அப்பதிவு எதனையும் உணர்த்துவதில்லை.

இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணிப்பொறிச் செயலிகள் இதற்குத் தக்க சான்று. இவை முறையே 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. இவற்றுள் ஆற்றல் மிக்கவற்றைப் பயன்படுத்தியோர் சிலருக்கு, அன்ரியல் எஞ்சினில் அமைந்த விளையாட்டுகள் அடிக்கடி நின்றுபோயின. திரையில் தோன்றிய செய்தியோ 'வரைகலை நினைவகம் போதவில்லை' என்பது. உண்மையில் அங்கே நினைவகக் குறைவு இல்லை. சுருக்கி வைக்கப்பட்ட ஷேடர் கோப்புகளை விரிக்கும் பணி மையச் செயலியுடையது. அது பிழைபட விரித்தபோது, அப்பிழை வரைகலையின் பெயரால் வெளிப்பட்டது. குற்றம் ஓரிடம், குரல் வேறிடம்! 2024 ஏப்ரலில் வரைகலை அட்டை செய்யும் என்விடியாவே, இப்பிழை கண்டோர் இன்டெல்லை நாடுக என அறிவுறுத்தியது.

செயலிக்குள் அமைந்த மைக்ரோகோடு, தேவைக்கு மிகுந்த மின்னழுத்தத்தைக் கோரியதே இதன் காரணங்களுள் ஒன்றென 2024 ஜூலையில் இன்டெல் அறிவித்தது. மிகை அழுத்தமும் வெப்பமும் உள்ளிருக்கும் கடிகாரச் சுற்றினை நாளடைவில் மூப்படையச் செய்தன என்பது செப்டம்பரில் தெளிவாக்கப்பட்டது. ஆகஸ்டில் வந்த திருத்தம், 1.55 வோல்ட்டுக்கு மேற்பட்ட கோரிக்கைகளைத் தடுத்தது. பயோசைப் புதுப்பித்தால் அத்திருத்தம் கிட்டும். ஆயின் முன்னரே சிதைந்த செயலியை அது குணப்படுத்தாது, மாற்றியே ஆகவேண்டும். அதன்பொருட்டு உத்தரவாதக் காலமும் 2 ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது.

இனி, ஆராயும் முறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். இரண்டை மாற்றினால் எது தீர்த்தது என்பது புலனாகாது. முதற்கண் எக்ஸ்எம்பி உள்ளிட்ட மிகைவேக அமைப்புகளை நீக்கி இயல்பு நிலைக்குக் கொணர்க. பின் மெம்டெஸ்ட்86+ கொண்டு நினைவகத்தை ஓர் இரவு முழுதும் சோதிக்க. அதன்பின் மையச் செயலிக்கும் வரைகலை அட்டைக்கும் தனித்தனியே முழுப்பளு கொடுத்து, வெப்பநிலையையும் நோக்குக. மின்வழங்கியை நல்லதொன்றால் மாற்றிப் பார்த்தலே ஐயமறத் தெளியும் வழியாதலின், நண்பரிடம் இரவல் பெறுதல் நன்று. (இரவல் நூலைப்போல் இதனையும் திருப்பித்தர மறப்போர் உண்டு!)

என் மாணவர் ஒருவர், கடைக்காரர் சொற்படி புதிய அட்டை வாங்கப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். வாங்குமுன் ஓர் இரவு நினைவகத்தைச் சோதிக்குமாறு கூறினேன். எக்ஸ்எம்பியை நீக்கியபின்னும், இரண்டு நினைவகப் பட்டைகளுள் ஒன்றைத் தனியே செருகிய போதெல்லாம் பிழைகள் நிரம்பின. மற்றது பழுதின்றி இருந்தது. பழுதுற்ற பட்டையை மட்டும் மாற்றினார். பழைய வரைகலை அட்டை இன்றும் அதே பொறியில்தான் இயங்குகிறது.