ஐசியூவுக்குப் புதிதாக வரும் சிஸ்டர்களுக்கு

கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று ஜி.எஸ்.டி. ரோட்டில் அடிபட்டு வருகிறவர்களில் தலைக்காயக்காரர்கள்தான் பெரும்பாலும் வென்டிலேட்டரோடு உங்கள் கைக்கு வருவார்கள். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் அவர்களுடைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. ட்யூப் போட்டு அதே 48 மணி நேரம் தாண்டியபின் வருவதைத்தான் வென்டிலேட்டர் நிமோனியா என்கிறோம். அது நம்மிடம் வந்தபின் பிடித்த நோய். பதில் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான்.

1. கிருமி மெஷினிலிருந்து வருவதாக நினைக்காதீர்கள். பெரும்பாலும் வாயில் ஊறும் எச்சில்தான் கஃப்புக்கு மேலே தேங்கி, ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்குகிறது. இது மனசில் பதிந்தால் பாதி வேலை புரிந்துவிடும்.

2. தலைமாடு 30 முதல் 45 டிகிரி. டியூட்டி ஏற்கும்போது சரியாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஆள் வழுக்கிக் கட்டிலின் நடுவில் சுருண்டு கிடப்பார். கட்டில் உயர்ந்திருக்கும், நெஞ்சு உயர்ந்திருக்காது. மேலே இழுத்துப் படுக்க வையுங்கள். முதுகெலும்பில் அடிபட்ட சந்தேகம் இருந்தால் இடுப்பில் மடக்கக் கூடாது. டாக்டரிடம் கேட்டு, கட்டிலையே மொத்தமாகத் தலைப்பக்கம் உயரச் சாய்க்கலாம்.

3. கஃப் அழுத்தம் 20–30 செ.மீ. நீர். பலூனை விரலால் அமுக்கி “சரியா இருக்கு” என்பதெல்லாம் வேண்டாம், மானோமீட்டரில் பாருங்கள். குறைந்தால் கசியும், கூடினால் மூச்சுக்குழாய் புண்ணாகும்.

4. பல் துலக்கிவிடுங்கள். மென்மையான பிரஷ், கூடவே சக்‌ஷன். எங்கள் காலத்தில் குளோர்ஹெக்சிடின்தான் வேதம். 2022-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் அதை விடச் சொல்லி, பிரஷ்ஷைக் கையில் கொடுத்தது. பஞ்சில் மருந்தைத் தொட்டு ஒரு சுற்றுச் சுற்றுவது சுலபம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

5. கை கழுவுவது தெரிந்ததுதானே என்பீர்கள். ஒரே க்ளவுஸோடு கட்டில் கட்டிலாகப் போகிறவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அசினெட்டோபாக்டர் அந்த க்ளவுஸில் ஏறித்தான் அடுத்த ஆளிடம் போகிறது.

6. சர்க்யூட்டில் தேங்கும் தண்ணீரை, நோயாளியைத் திருப்பும் முன்பே, அவர் பக்கம் ஓடாமல் வடித்துவிடுங்கள். சர்க்யூட்டை நாள் கணக்கு வைத்து மாற்ற வேண்டாம். அழுக்கானாலோ பழுதானாலோ மாற்றினால் போதும்.

7. எல்லாவற்றையும்விடப் பெரியது ட்யூப்பைச் சீக்கிரம் எடுப்பது. தினமும் ரவுண்ட்ஸில் கேளுங்கள்: “சார், இன்னிக்கு மயக்க மருந்தைக் குறைச்சுப் பார்க்கலாமா? தானா மூச்சு விடறாரான்னு பார்க்கலாமா?” மூளையில் அழுத்தம் இருந்தால் வேண்டாம் என்பார்கள், சரி. காரணத்தை எழுதி வைத்து அடுத்த ஷிப்டிடம் சொல்லுங்கள். மறுநாளும் கேளுங்கள். நேற்று வந்த பொண்ணு என்று முறைப்பார்கள், முறைக்கட்டும்.