தொலைவுக்கேற்ற வலை

தெலுங்கில் ‘வெதுரு’ என்றால் மூங்கில். பழந்தமிழில் ‘வெதிர்’ என்னும் சொல்லும் மூங்கிலையே குறிக்கும். ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழும் தெலுங்கும் அக்கம்பக்கமாக வழங்கும் நிலப்பகுதியில் உள்ள வெதுருகுப்பம் என்னும் ஊரின் பெயரில் அச்சொல் இன்றும் ஒலிக்கிறது. இவ்வூரில் ஒருவர் திறன்பேசியைக் கையிலெடுத்தால், அக்கருவி ஒரே நாளில் நான்கு வகையான வலைகளில் சேர்ந்து பிரிகிறது. காதில் மாட்டிய ஒலிக்கருவியோடு பேசுவது ஒரு வலை. வீட்டுச் சுவரில் மின்னும் சிறு பெட்டியோடு பேசுவது மற்றொன்று. தெருவில் இறங்கியதும் கோபுரத்தோடு பேசுவது மூன்றாவது. தான் நிற்கும் இடத்தை அறிய வானத்துச் செயற்கைக்கோள்களின் குறிப்பைக் கேட்பது நான்காவது. நான்கிலும் செல்வது வானொலி அலையே. ஆயினும் ஒன்றன் வேலையை மற்றொன்றால் செய்ய இயலாது.

அதற்குக் காரணம் தொலைவு. வெளியில் பரவும் அலை செல்லச்செல்ல மெலிகிறது. தடையற்ற வெளியில் தொலைவு இருமடங்கானால் சென்று சேரும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். ஆகவே நெடுந்தொலைவு செல்ல மிகுந்த ஆற்றலோ பெரிய ஆன்டெனாவோ வேண்டும். சட்டைப்பையில் வைக்கும் கருவிக்கு அவ்விரண்டும் ஒவ்வா. கம்பியில்லா வலையமைப்பின் வகைகள் அனைத்தும் இந்த ஒரு நெருக்கடியிலிருந்தே பிறந்தவை.

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே உள்ள காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் இருக்கிறது. அங்கு 1024 ஆன்டெனாக்கள் வரிசையாக நின்று வானை நோக்கி அலைகளை அனுப்பி, காற்று மண்டலத்திலிருந்து திரும்பும் மெல்லிய எதிரொலியைக் கேட்கின்றன. அலைகளின் வலிமைக்கு அது சிறந்த சான்று. ஆனால் அது வலையமைப்பு அன்று. அனுப்புவோரும் பெறுவோரும் வேறுவேறாக இருந்து, இருவரும் ஒரே விதிமுறைக்கு உடன்பட்டால்தான் அது வலையமைப்பாகும்.

வலைகளுள் மிகச் சிறியது உடலைச் சுற்றி அமைவது. புளூடூத் அவ்வகையினது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் மன்னனின் பட்டப்பெயர் இத்தொழில்நுட்பத்திற்கு வைக்கப்பட்டது. பொதுவாக ஏறத்தாழ 10 மீட்டருக்குள் இது பணி செய்யும். ஒரே அறையில் பத்துப் பேர் பத்து ஒலிக்கருவிகளை அணிந்திருந்தாலும் பாட்டுகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இதன் மூலவகையில் அலை 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை தாவுகிறது. தாவும் வரிசை அந்தந்த இணைக்கு மட்டுமே தெரியும். குறுகிய எல்லை ஒரு குறையாகத் தோன்றலாம். ஆனால் அக்குறையினால்தான் கடுகளவு மின்கலத்தைக் கொண்டு பல மணி நேரம் பாட்டுக் கேட்க முடிகிறது.

மின்கலமே இல்லாத வலையும் உண்டு. நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் மகிழுந்தின் முன்கண்ணாடியில் ஒட்டப்பட்டுள்ள ஃபாஸ்டேக் வில்லையில் ஆற்றல் மூலம் ஏதுமில்லை. சாவடியில் உள்ள கருவி வீசும் அலையே அவ்வில்லைக்கு உணவு. அந்த நொடிநேர ஆற்றலைக் கொண்டு அது தன் எண்ணைச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிவிடுகிறது. 2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைகளில் இது கட்டாயமாக்கப்பட்டது.

வீடு, பள்ளி, அலுவலகம் என்னும் அளவுக்கு வளர்ந்த வலை வைஃபை. தமிழில் இதனை அருகலை என்றும் வழங்குவர். இதற்கான பொது விதிமுறை 1997ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சில பத்து மீட்டர் தொலைவுக்கென வகுக்கப்பட்ட இவ்விதியை மாற்றி எழுதி, மலையோரச் சிற்றூர்களுக்கு மருத்துவத்தைக் கொண்டுசென்ற நிகழ்வு தமிழகத்தின் தேனியில் நடந்தது.

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் ஒரு கிளை உண்டு. சிற்றூரில் வாழும் கூலித்தொழிலாளி ஒருவர் கண்ணைக் காட்டத் தேனிக்கு வந்தால், பேருந்துச் செலவோடு ஒரு நாள் கூலியும் போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். எனவே பார்வை மங்கினாலும் பலர் நாளைக் கடத்திவிடுவர். பலருக்குத் தேவை ஒரு மூக்குக்கண்ணாடி மட்டுமே. ஊர்தோறும் கண் மருத்துவரை அமர்த்துவது இயலாது. ஆதலால் சிறு பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியைக் கண்டு உரையாடி முடிவு சொல்வார். ஆனால் அசையும் படத்தைத் தெளிவாக அனுப்பும் இணைய வசதி அக்காலத்தில் அவ்வூர்களில் இல்லை.

அமெரிக்காவின் பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இன்டெல் நிறுவன ஆய்வாளர்களும் விலை குறைந்த வைஃபை கருவிகளையே கையிலெடுத்தனர். முதல் வேலை எளிது. எல்லாத் திசையிலும் சிதறும் அலையை, கைவிளக்கின் ஒளியைக் குவிப்பதுபோல ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனாக்களை உயர்ந்த கம்பங்களில் பொருத்தி, ஒன்றையொன்று நேராக நோக்கச் செய்தனர். அலை போய்ச் சேர்ந்தது, செய்தியோ தடுமாறியது. காரணம் வைஃபையின் விதியிலேயே இருந்தது. ஒவ்வொரு துண்டுச் செய்தியையும் பெற்றவுடன் ‘கிடைத்தது’ என்று பெறுபவர் பதிலளிக்க வேண்டும். பதில் குறித்த நேரத்தில் வாராவிடில் அனுப்புபவர் அதே துண்டை மீண்டும் அனுப்புவார். வீட்டுக்குள் காத்திருக்கும் அந்நேரம் சில பத்து மைக்ரோ நொடிகளே. நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்லும் அலைகூட 30 கிலோமீட்டர் சென்று திரும்ப 200 மைக்ரோ நொடி எடுக்கும். பதில் வழியில் இருக்கும்போதே அனுப்புபவர் பொறுமையிழந்து மீண்டும் அனுப்பத் தொடங்கிவிடுவார். இவ்வாறு வழி முழுவதும் ஒரே செய்தியால் நெரிசலாகியது.

ஆய்வாளர்கள் அவ்விதியை நீக்கினர். இரு முனைகளும் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டு முறைவைத்துப் பேசுமாறும், பல துண்டுகளுக்குச் சேர்த்து ஒரே பதில் தருமாறும் மென்பொருளை மாற்றினர். கருவியின் விலை ஏறவில்லை. மாறியது பேசும் ஒழுங்கு மட்டுமே. 2006ஆம் ஆண்டிற்குள் ஐந்து பார்வை மையங்கள் தேனி மருத்துவமனையோடு இணைந்தன. கண்ணாடி போதுமானவர்கள் தம் ஊரிலேயே அதைப் பெற்றுக்கொண்டனர். கண்புரை போன்ற நோய்க்கு அறுவை தேவைப்பட்டவர்களே பேருந்து ஏறினர்.

கைப்பேசி வலை இதனினும் பெரிது. நாட்டைச் சிறுசிறு பரப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோபுரம் நிறுவுவது இதன் அமைப்பு. பேருந்தில் செல்பவரின் பேச்சை ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்திடம் கைமாற்றுகிறது. பேசுபவர் அதை உணர்வதேயில்லை. இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடல் 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவில் இருந்த ஜோதி பாசுவுக்கும் தில்லியில் இருந்த சுக்ராமுக்கும் இடையே நிகழ்ந்தது. 2022 அக்டோபரில் ஐந்தாம் தலைமுறை வந்தது. உண்மையில், கம்பியில்லா வலை என்னும் பெயர் பாதிதான் பொருந்தும். அலை கடப்பது கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடைப்பட்ட தொலைவை மட்டுமே. அதற்கு அப்பால் பேச்சு பெரும்பாலும் மண்ணுக்கடியில் உள்ள கண்ணாடி இழையில் பயணம் செய்கிறது. குன்றுகள் மிகுந்த சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் கோபுரம் அருகில் இருந்தும் குன்றின் மறைவில் அலை எட்டாமற் போவதுண்டு.

குன்றாவது ஓரிடத்தில் முடியும். கடலில் கோபுரமே நட முடியாது. கரையிலிருந்து 10 அல்லது 12 கிலோமீட்டர் சென்றதும் கைப்பேசி பொதுவாக ஊமையாகிவிடும். படகுகளில் உள்ள வானொலிக் கருவியும் கடலின் வளைவைத் தாண்டி நெடுந்தொலைவு பேசாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக்கடலில் வீசியபோது, கன்னியாகுமரி மாவட்டத்தின் மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் அவர்கள், புயல் உருவாகும் முன்பே கரையை விட்டுச் சென்றிருந்தனர். எச்சரிக்கை கரையில் ஒலித்தது. அவர்கள் இருந்த இடத்திற்கு அது செல்ல வழியில்லை. பலர் மீளவில்லை.

எச்சரிக்கையைக் கொண்டுசெல்லும் வழி வானத்தில் ஏற்கெனவே இருந்தது. விமானங்களுக்கு வழிகாட்டுவதற்காக இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய ககன் அமைப்பின் செய்திகள், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இந்தியப் பெருங்கடலின் மீதும் இறங்கிக்கொண்டிருந்தன. அவ்வழியே மீனவருக்கான செய்தியையும் அனுப்பலாம் என்று இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கண்டது. 2019 அக்டோபரில் ஜெமினி என்னும் கையடக்கப் பெட்டி அறிமுகமாயிற்று. அது செயற்கைக்கோளின் குரலைக் கேட்டு, படகிலிருக்கும் மீனவரின் கைப்பேசிக்குப் புளூடூத் வழியே சொல்கிறது. 36,000 கிலோமீட்டர் கடந்து வந்த புயல் எச்சரிக்கை, கடைசி ஒரு முழத்தைக் காதுக்கருவி பயன்படுத்தும் அதே சிறு வலையில் கடக்கிறது. திரையில் அது மீனவரின் தாய்மொழியில் தோன்றுகிறது.

திருப்பதி மாவட்டத்தின் கீழைக்கோடியில் உள்ள ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து 2013 முதல் ஏவப்பட்டுவரும் நாவிக் செயற்கைக்கோள்களும் இடம் காட்டுவதோடு இத்தகைய செய்திகளைச் சுமக்க வல்லவை. எனினும் ஜெமினிப் பெட்டி கேட்குமே தவிரப் பேசாது. புயலில் சிக்கியவர் ‘இங்கே இருக்கிறோம்’ என்று சொல்ல அதில் வழியில்லை. இரு திசையிலும் குறுஞ்செய்தி செல்லும் கருவிகளை 1,00,000 மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டு 30 அன்று மகாராட்டிர மாநிலம் பால்கரில் தொடங்கி வைக்கப்பட்டது. அக்கருவி பொருத்தப்பட்ட படகு, கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவிலிருந்தும் உதவி கேட்கலாம்.

சொற்பொருள்

வெதிர் – மூங்கில்
ஒவ்வா – பொருந்தாதவை
வில்லை – தட்டையான சிறு துண்டு
கண்புரை – கண்வில்லை மங்குவதால் பார்வை குன்றும் நோய்
கீழைக்கோடி – கிழக்கு எல்லை

பயிற்சி

1. காதங்கியில் உள்ள ஆன்டெனாத் தொகுதி ஏன் வலையமைப்பு ஆகாது?
2. தேனியில் அலை சென்று சேர்ந்தும் செய்தி தடுமாறியது ஏன்? அது எவ்வாறு சரிசெய்யப்பட்டது?
3. ஜெமினிப் பெட்டியில் இணையும் இரு வலைகள் யாவை? அவற்றுள் ஒன்று மட்டும் இருந்தால் போதாதா? காரணம் தந்து எழுதுக.
4. உங்கள் ஊரில் கைப்பேசி அலை எட்டாத இடம் ஒன்றைக் கண்டறிந்து, அதற்கான காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
5. பிரித்து எழுதுக: கண்ணுக்கடியில், மண்ணுக்கடியில், அவ்விதி, கையடக்கம்.