தாம்பரத்துக்கு ஒரு பழைய பாய்மரப் படகு

கேள்வி: தாம்பரத்தில் குடியிருப்பவர் முதன்முதலாகப் பழைய பாய்மரப் படகு வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முதல் படகுக்கு ஏற்றது, அறை வைத்த பெரிய படகு அல்ல, ஒருவர் ஓட்டும் லேசர் வகைச் சிறு படகு. நீளம் 4.23 மீட்டர், வெற்று உடலின் எடை சுமார் 59 கிலோ. பாய்மரம் இரண்டு துண்டாகப் பிரியும். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது இதன் சிறு பாய் வகையைத்தான். விற்பனைக்கு இருப்பதை விசாரிக்க, 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் நல்ல இடம்.

பளபளக்கும் பெயின்ட் எதையும் சொல்லாது. ஃபைபர் உடலை விரல் முட்டியால் அங்குலம் அங்குலமாகத் தட்ட வேண்டும். கணீரென்ற ஒலி மாறிப் பொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். பிறகு எடை போட வேண்டும். ஐந்தாறு கிலோ கூடினாலே உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறதா என்ற சந்தேகம் வர வேண்டும். பாய்மரக் கம்பம் செருகும் குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது இன்னும் முக்கியம்: மட்டம் இறங்கினால் அங்கே விரிசல். அலுமினியக் கம்பத்தில் எஃகு ஆணி தொடும் இடங்களை உப்புக்காற்று அரிக்கும். பாயில் துணிக்கு முன் தையல்தான் வெயிலில் இற்றுப்போகும்; அதைச் சரிசெய்வது சின்னச் செலவு.

இழுவண்டியும் சேர்ந்து வந்தால் அதற்குத் தனிப் பதிவு உண்டா என்று கேட்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அதுவும் வாகனமே. சக்கர பேரிங்கில் துரு இருந்தால் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலேயே பயணம் நின்றுவிடும். முட்டுக்காட்டு உப்பங்கழியில் இறக்க முன்கூட்டியே அனுமதி கேட்பது நல்லது.