கப்பல் அணையும் தளம்

மரக்காணத்தை அடுத்த அனுமந்தைக் கடற்கரை நெய்தல் வளம் மிக்கது. அப்பக்கத்து உப்பளங்களில் விளையும் உப்பினை முற்காலத்தில் உமணர் வண்டிகளில் ஏற்றிச் சென்றனர். பிற்காலத்தில் அது பக்கிங்காம் கால்வாய் வழியே படகேறிச் சென்னை சேர்ந்தது. கால்வாயில் வந்த படகு கரையோரம் எளிதாக அணைந்தது. கடல் வழியே அதே நகருக்கு வந்த கப்பலுக்கோ அணைவதற்கு ஓரிடமும் இல்லை.

சென்னையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அறையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து சென்று பண்டங்களை இறக்கி வரும். நனைந்து கெட்டவையும் மூழ்கி ஒழிந்தவையும் பல. 1861-இல் கடலுக்குள் நீளும் இரும்புத் துறைப்பாலம் ஒன்றை அமைத்தனர். 1868, 1872 ஆகிய ஆண்டுகளில் வீசிய புயல்கள் அதனைப் பயனற்றதாக்கின. பின்னர் இரு கைகளால் அணைத்தாற்போன்று அலைதடுப்புச் சுவர்களை எழுப்பினர். 1881 நவம்பரில் வந்த புயல் அவற்றையும் தகர்த்தது. மீண்டும் கட்டினர்.

புயலினும் கொடிய பகையொன்று ஓசையின்றி வந்துகொண்டிருந்தது. அதுதான் மணல். தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் அலைகள் கரையோரமாக மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் அதில் ஒரு பகுதியே தெற்கே திரும்புகிறது. அனுமந்தைக் கரை மணலும் இவ்வாறே நகர்வது. சென்னையில் இம்மணலால் கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாயில் தூர்ந்து வந்தது. அலையும் நேரே உட்புகுந்தது. 1904-இல் பொறுப்பேற்ற பொறியியல் வல்லுநர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அவ்வாயிலை அடைத்து வடகிழக்கில் புதியதொரு வாயில் அமைத்தார். உள்ளே அலை அடங்கிற்று. கப்பல்கள் கரையை ஒட்டியே நிற்பதற்குரிய தளங்கள் எழுந்தன. மசூலாப் படகோட்டிகளின் பிழைப்பு அத்துடன் தளர்ந்தது.

தளம் ஒருமுறை கட்டியதோடு பணி முடிவதில்லை. கப்பல்கள் காலந்தோறும் பெருக்கின்றன. மிகுந்த பாரம் ஏற்றிய கப்பல் நீரில் மிகுதியாக அமிழும். ஆகவே தளத்தின் அருகே கடல் ஆழமாதல் வேண்டும். அங்குள்ள மணலைத் தோண்டினால் போதாதோ எனின், போதாது. தோண்டத் தோண்டப் பழைய சுவரின் அடித்தளம் பற்றுக்கோடு இழக்கும். மேல்நிற்கும் பாரந்தூக்கியோடு சுவரும் கடலில் சாயும். ஆதலின் முதலில் மிக ஆழத்தில் தூண்களை இறக்கித் தளத்தை வலுப்படுத்துவர். அதன் பின்னரே தோண்டுவர். இஃது அறியாதார் கண்ணுக்கு வீண்செலவாகத் தோன்றும். புதிய தேவைக்கெனச் சென்னையில் 1964-இல் ஜவகர் கப்பல்துறை திறக்கப்பட்டது. 1983-இல் சரக்குப் பெட்டகங்களுக்கென்றே தனி முனையம், இந்தியாவில் முதன்முதலாக, இங்குத் தொடங்கிற்று. பலர் தலையில் சுமந்த மூட்டைகளைப் பெட்டகத்தோடு ஒரு பாரந்தூக்கியே எடுத்து வைக்கலாயிற்று.

தடுக்கப்பட்ட மணல் என்னவாயிற்று? அது துறைமுகத்தின் தெற்கே தங்கி மெரீனாக் கடற்கரையை அகலமாக்கியது. வடக்கே இராயபுரம் முதலாகத் திருவொற்றியூர் வரை உள்ள கரைகளுக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. ஆங்குக் கடல் நிலத்தை அரித்தது. மீனவர் குடியிருப்புகள் பல அழிந்தன. எஞ்சிய கரையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினர். வலை உலர்த்திய மணற்பரப்பு இருந்த இடத்தில் இன்று அலைகள் அக்கற்களில் மோதுகின்றன.