குடற்சுவரைப் பயிலும் வழி எது?

செய்முறைத் தேர்வு நெருங்கும் மாதங்களில் காரைக்குடி வட்டாரத்தில் விலங்கியலும் மருத்துவமும் ஆய்வக நுட்பமும் பயிலும் பிள்ளைகளும், அவர்களைவிட அதிகக் கவலையோடு அவர்களுடைய பெற்றோரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: உணவு மண்டலத்தின் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, இன்னது இரைப்பை, இன்னது சிறுகுடல் என்று சொல்லப் பழக எதை வாங்கவேண்டும், எங்கே சேரவேண்டும்? பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்துவிட்டான் என்பதற்காகவும், விலை மிகுந்தது நிச்சயம் நல்லதாகவே இருக்கும் என்று தகப்பனார் நம்புவதற்காகவும், மாணாக்கர் தமக்குச் சற்றும் பொருந்தாத வழியில் இறங்கி ஓர் ஆண்டை வீணாக்குவதை அநேகம் முறை கண்டு மனம் வருந்தியதாலேயே இதை எழுதுகிறேன்.

ஆசிரியர் காட்டுவதை அருகிருந்து பார்ப்பது, நல்ல திசுப்படப் புத்தகத்தைப் புரட்டுவது ஆகிய இரண்டையும் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவை இல்லாமல் எவரும் படிப்பதில்லை. மீதமுள்ளவை இரண்டு. நுண்ணோக்கியில் தானே பார்த்து ரெக்கார்டு நோட்டில் வரைவது ஒன்று. தேர்வில் இனங்காண வைக்கும் ஸ்லைடுகளின் படங்களாகச் செல்போனில் சுற்றிவரும் ஸ்பாட்டர் படங்களையும், பணம் கட்டிப் பார்க்கும் வீடியோ வகுப்புகளையும் மனப்பாடம் செய்வது மற்றொன்று. இன்றைய மோகமெல்லாம் இந்தப் பின்னதன்மேல்தான். அதனால் விளையும் கேடும் பெரிது.

படத்துக்கென்று எடுக்கப்படும் ஸ்லைடு, பல ஸ்லைடுகளில் மிகத் தெளிவானது. தேர்வு மேசைமேல் வைக்கப்படும் ஸ்லைடோ கல்லூரி அலமாரியில் கிடந்து வெளிறியதாக இருக்கலாம். ஹெமடாக்சிலின் உட்கருவை நீலமாகவும், ஈயோசின் சைட்டோபிளாசத்தை இளஞ்சிவப்பாகவும் காட்டும் என்பது பொது விதியே ஆயினும், சாயத்தில் ஊறிய நேரம் சற்று மாறினாலும் நிறம் மாறிவிடும். ஆகவே நிறத்தை ஞாபகம் வைத்தவன் ஏமாறுகிறான். உருவத்தை ஞாபகம் வைத்தவனும் தப்புவதில்லை. நெடுக வெட்டுப்பட்டபோது விரல்களாக நீண்டு தெரிந்த குடலுறிஞ்சிகள், குறுக்கே வெட்டுப்பட்டால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத வட்டத் துண்டுகளாக நிற்கும். கல்லீரல் நுண்கதுப்புகள் அழகான அறுகோணங்களாகப் படங்களில் காட்சி தருகின்றன. அப்படங்களில் பல பன்றியின் கல்லீரலிலிருந்து எடுக்கப்பட்டவை. மனிதக் கல்லீரலில் கதுப்புகளைப் பிரித்துக் காட்டும் இணைப்புத்திசு மிகவும் சொற்பம் என்பதால், அறுகோணத்தையே தேடிப் பழகிய கண் அங்கே ஒன்றும் காணாமல் திகைத்துப்போகிறது.

ஒரு தேர்வறையில் நான் பிரத்தியட்சமாகக் கண்டதைச் சொல்கிறேன். துணை மியூகோசாவில் வெளிறிய சுரப்பிகள் தெரிந்தால் அது முன்சிறுகுடல், அவை புரூனர் சுரப்பிகள் என்று ஒரு வீடியோ வகுப்பில் கற்றிருந்த மாணவி, உணவுக்குழலின் ஸ்லைடைப் பார்த்த மாத்திரத்தில் முன்சிறுகுடல் என்று எழுதிவிட்டாள். உணவுப் பாதையில் துணை மியூகோசாவில் சுரப்பிகள் இருப்பது இவ்விரண்டு இடங்களில்தான். அவற்றைப் பிரித்தறியச் சுரப்பியைவிட்டு மேலே கண்ணை நகர்த்தி, உட்பரப்பில் தட்டையான செல்கள் பல அடுக்காகப் படிந்திருக்கின்றனவா, தூண் வடிவச் செல்கள் ஒரே வரிசையாக நிற்கின்றனவா என்று பார்த்திருந்தால் போதும். அந்தப் பெண்ணுக்கு அறிவில் குறைவில்லை. கண்ணை நகர்த்தும் பழக்கத்தை அவளுக்கு ஒருவரும் தரவில்லை.

ஆதலால் வரைந்து பழகும் வழியையே நான் சிபாரிசு செய்வேன். பல ஆண்டுகள் அவ்வழியிலேயே கற்பித்தவன் என்பதால் எனக்கு அதில் பட்சபாதம் உண்டு என்று சொல்வோர் சொல்லட்டும். முதலில் மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் சுவர் முழுவதையும் பாருங்கள். செட்டிநாட்டு வீடு தெருவாசலிலிருந்து முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரே ஒழுங்கில் பின்தெருவரை செல்வதுபோல, குடற்சுவரும் உள்ளிருந்து வெளியே மியூகோசா, துணை மியூகோசா, தசையடுக்கு, சீரோசா என்று செல்கிறது. அந்த ஒழுங்கு மனத்தில் பதிந்தவன் தான் எங்கே நிற்கிறோம் என்பதில் மயங்கமாட்டான். அதன்பின் உறிஞ்சிகள் உண்டா என்று கேளுங்கள். உண்டெனில் அது சிறுகுடல். புரூனர் சுரப்பிகள் இருந்தால் முன்பகுதி, பேயர் திட்டுகள் இருந்தால் பின்பகுதி, இரண்டுமின்றி உறிஞ்சிகள் மட்டும் ஓங்கி நின்றால் பெரும்பாலும் இடைப்பகுதி. உறிஞ்சிகள் இல்லாமல், நேரான குழிகளும் அவற்றின் சுவரில் நிறையக் கோப்பைச் செல்களும் தெரிந்தால் பெருங்குடல். கோப்பைச் செல்களே இன்றிக் குழிகளும், அவற்றுக்குக் கீழ் ஈயோசினேறிச் சிவந்த செல்களும் ஊதா நிறச் செல்களும் கலந்து நெருங்கிய சுரப்பிகளும் தெரிந்தால் இரைப்பை. உமிழ்நீர்ச் சுரப்பிகளுள் பரோட்டிட், கணையத்தோடு மிகவும் மயக்கம் தருவது. சுரக்கும் செல்கூட்டங்களிடையே வெளிறிய லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் தென்பட்டால் கணையம் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

அத்திட்டுகளை 1869-இல் தமது பெர்லின் ஆய்வேட்டில் முதன்முதல் விவரித்த பால் லாங்கர்ஹான்ஸ் அப்போது இருபத்தொரு வயது மாணவர். முயலின் கணையத்தைப் பொறுமையோடு பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதி, அவற்றின் தொழில் தமக்குத் தெரியாது என்பதையும் ஒளிக்காமல் கூறினார். அத்திட்டுகள் சுரக்கும் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதோ 1921-இல். இத்தகைய பார்வை சிலருக்கு இயல்பிலேயே அமைந்திருக்கும். சிலருக்குச் சிரத்தையால் வரும். எவருக்கும் அவசரத்தில் வந்ததில்லை. நுண்ணோக்கியின் முன் சிறிது நேரங்கூட உட்கார மனமில்லாத பிள்ளையை, உறவினர் மெச்சுவார்கள் என்பதற்காக இத்துறையில் தள்ளுவதும் தர்மமன்று.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. நுண்ணோக்கியைத் தேடி நம் பிள்ளைகள் தூரதேசம் போகவேண்டியதில்லை. ஆகவே வீடியோ வகுப்புக்குப் பணம் கட்டுமுன், உங்கள் பிள்ளை படிக்கும் துறையின் தலைவரைக் கண்டு, மாலையில் ஒரு மணி நேரம் ஸ்லைடுப் பெட்டியோடு உட்கார அனுமதி கேளுங்கள். பிள்ளையின் கையில் ஓர் ஊதாப் பென்சிலும் ஓர் இளஞ்சிவப்புப் பென்சிலும் கொடுத்து அனுப்புங்கள்.