ஐம்பதைத் தாண்டினாலும் எச்.ஐ.வி. பரிசோதனை உண்டு

பேரன் பேத்தி எடுத்த வயதில் இந்தப் பேச்சு எதற்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். மாதவிடாய் நின்றபின் கரு தங்காது, கிருமி தொற்றும். பெண்ணுறுப்பு வறண்டு எளிதில் கீறல் விழுவதால் ஆபத்து இன்னும் கூடும். ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. ரப்பர் நைந்து கிழிந்துவிடும். மருந்துக்கடையில் எண்ணெய்ப் பசை இல்லாத, தண்ணீரில் கரையும் ஜெல் கேளுங்கள்.

எடை குறைகிறதா, காய்ச்சல் விடாமல் வருகிறதா, அக்கி திரும்பத் திரும்ப வருகிறதா? "எல்லாம் சுகர்தான், வயசுதான்" என்று தள்ளிப்போடாமல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். அங்கே எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். முடிவு ரகசியம், 2017-ஆம் ஆண்டுச் சட்டமே அதற்குக் காவல். தொற்றிய புதிதில் சோதனையில் தெரியாமல் போகலாம், 3 மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

தொற்று உறுதியானால், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையும் இலவசம்தான். வாங்கப் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள். இப்போது பரவலாகத் தரப்படும் ஏ.ஆர்.டி. மருந்தான டோலுடெக்ராவிர், சர்க்கரைக்கான மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளோ டோலுடெக்ராவிரின் வேலையைக் குறைக்கலாம். இவற்றுக்கு நடுவே எவ்வளவு நேரம் இடைவெளி விட வேண்டும் என்று டாக்டரிடமே கேளுங்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097-க்குக் கட்டணமின்றிப் பேசலாம்.