கைவேலையின்போது இசையா, மௌனமா?

பிறருக்காகச் செய்யும் தொழில் வேறு. தம் மனநிறைவுக்காகச் செய்யும் கைவேலை வேறு. ஒயர்க் கூடை பின்னுதல், பூத்தையல், புள்ளிக்கோலம் பயிலுதல், ஓவியம் தீட்டுதல், அஞ்சல்தலை சேகரித்தல் என நம் இல்லங்களில் நடைபெறும் பணிகளுக்கு மேலதிகாரி இல்லை, ஊதியமும் இல்லை. நாள் முழுவதும் பிறர் ஏவலின்படி இயங்கிய மனம் தன்வயப்பட்டு நிற்கும் சிறு பொழுது அது. அப்பொழுதில் வானொலியோ கைப்பேசியோ பாடிக்கொண்டிருக்கலாமா, அன்றி அமைதி நிலவ வேண்டுமா என்பது பல வீடுகளில் எழும் வினா. "பாட்டு இல்லாவிட்டால் கை ஓடாது" என்பாள் பேத்தி. "பாட்டு ஓடினால் கணக்கு ஓடாது" என்பார் பாட்டி. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எவ்விடத்தில் எவர் கூற்று பொருந்தும் என்பதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

உழைப்போடு பிறந்த பாட்டு

உழைப்பும் பாட்டும் இணைந்திருத்தல் நம் மரபுக்குப் புதிதன்று. நாற்று நடுவோர்க்கு நடவுப் பாட்டு. நீர் இறைப்போர்க்கு ஏற்றப் பாட்டு. உலக்கை பிடிப்போர்க்கு வள்ளைப் பாட்டு. இளங்கோவடிகள் தம் சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் வள்ளைப் பாட்டையும் அம்மானை, கந்துகம், ஊசல் ஆகியவற்றுக்குரிய வரிப் பாடல்களையும் அமைத்துள்ளார். பணிக்கும் விளையாட்டுக்கும் உரிய பாட்டு அந்நாளிலேயே இலக்கியத்தில் இடம்பெற்றுவிட்டது.

எனினும் இங்கு ஒரு வேறுபாட்டை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அப்பாட்டு உழைப்பவர் வாயிலிருந்தே எழுந்தது. உலக்கையின் ஏற்ற இறக்கமே அதன் தாளம். இறைத்த நீரின் எண்ணிக்கையையே ஏற்றப் பாட்டு சுமந்து சென்றது. பலர் கை ஒன்றாக இயங்க அது துணைநின்றது. வேலை நின்றால் பாட்டும் நின்றது. அஃதாவது பாட்டு வேலைக்குப் பின்னணி அன்று. வேலையின் ஓர் உறுப்பு. இக்காலத்தில் கருவியிலிருந்து வரும் பாட்டோ நம் கையின் வேகத்தை அறியாது. நாம் எண்ணும் எண்ணையும் அறியாது. ஆதலின் முன்னதன் நன்மை முழுவதையும் பின்னதற்கு உரியதாகக் கொள்ளலாகாது.

தொழிற்சாலையில் புகுந்த இசை

கருவியிசையைப் பணியிடத்தில் திட்டமிட்டுப் பயன்படுத்தியவர்கள் மேலைநாட்டினர். இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜூன் 23 அன்று, பிரிட்டனின் பி.பி.சி. வானொலி தொழிற்சாலைப் பணியாளர்க்கென ஓர் இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஒரே செயலை ஓயாது செய்வதால் வரும் சலிப்பைப் போக்குதல் அதன் நோக்கம். 1967 வரை அது நடைபெற்றது. ஆனால் அவ்விசை நாள் முழுவதும் ஒலிக்கவில்லை. காலையில் அரைமணி, பிற்பகலில் அரைமணி என்ற அளவிலேயே ஒலித்தது.

அமெரிக்காவில் 1934-இல் தோன்றிய மியூசாக் என்னும் நிறுவனம் பணியிடங்களுக்கு இசை வழங்குவதையே வணிகமாகக் கொண்டது. அந்நிறுவனமும் தன் திட்டத்தில் 15 நிமிட இசைக்குப் பின் 15 நிமிட மௌனத்தை அமைத்தது. பாடுவோர் குரலை நீக்கி, வாத்திய இசையையே பெரிதும் வழங்கியது. இசையை விற்றவர்களே மௌனத்தையும் உடன் வைத்தனர் என்பது நாம் சிந்திக்கத்தக்கது.

சொல்லும் எண்ணும் மோதும் இடம்

குரலிசையை ஏன் நீக்க வேண்டும்? இதற்கு உளவியல் விடை தருகிறது. ஒரு தொலைபேசி எண்ணைக் கேட்டு, அதை எழுதும் வரையில் மனத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறோம் அல்லவா? இந்த உட்குரலுக்கெனச் சிறு நினைவிடம் ஒன்று உள்ளது என்ற கருத்தை ஆலன் பேட்லி, கிரகாம் ஹிட்ச் ஆகிய அறிஞர்கள் 1974-இல் வெளியிட்ட ஆய்வு வளர்த்தெடுத்தது. வெளியிலிருந்து வரும் சொல், நாம் விரும்பாவிடினும், அவ்விடத்தில் நுழைந்து இடையூறு செய்கிறது.

1976-இல் கோல், வெல்ஷ் ஆகிய இருவர், கண்ணால் கண்ட எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவுகூருமாறு மாணவர்களைப் பணித்தனர். அப்போது அவர்களுக்கு விளங்காத ஜெர்மன் மொழிப் பேச்சு ஒலிக்கப்பட்டது. பொருள் விளங்காத அப்பேச்சும் அவர்கள் நினைவைக் குலைத்தது. 1989-இல் சலாமேயும் பேட்லியும் செய்த ஆய்வில், வாத்திய இசையினும் குரலிசையே மிகுதியாக இடையூறு செய்தமை புலப்பட்டது. "இது எனக்குப் பிடித்த பாட்டு, என்னைத் தடுக்காது" என்பார்க்கும் விடை உண்டு. 2011-இல் பெர்ஹாம், விசார்ட் என்போர் வெளியிட்ட ஆய்வில், விரும்பிய இசையும் விரும்பாத இசையும் இத்தகைய வரிசை நினைவை ஏறத்தாழ ஒரே அளவில் குறைத்தன. பிடித்தம் மனத்துக்கு இன்பம் தரும். எண்ணிக்கைக்குக் காவல் ஆகாது.

இதனை ஒயர்க் கூடையில் வைத்துக் காண்போம். ஒயர்களை அளந்து வெட்டி, நீளத்துக்கு இத்தனை, அகலத்துக்கு இத்தனை என எண்ணி அடிப்பாகம் போடும்போது மனம் முழுவதும் எண்ணில் நிற்க வேண்டும். அங்கு ஒரு முடிச்சு தவறினால் கூடை கோணும். அடிப்பாகம் முடிந்து, ஒரே நிறத்தில் சுற்றிச் சுற்றி மேலே ஏறும்போது கை தானே பழகிய வழியில் செல்லும். அங்கு இசை சலிப்பை நீக்கும். நிறம் மாற்றிப் பூ வடிவம் கொண்டுவரும் வரிசையில் மீண்டும் எண் வந்துவிடுகிறது. புள்ளிக்கோலத்திலும் இவ்வாறே, 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை என வைக்கும் நேரம் வேறு, வண்ணம் நிரப்பும் நேரம் வேறு. எனவே பாட்டியும் பேத்தியும் ஒரே வேலையின் இரு வேறு நிலைகளைப் பற்றியே பேசுகின்றனர்.

இசையின் நன்மையும் எல்லையும்

இசை மனத்தை மலர்த்துகிறது என்பதை மறுப்பார் இலர். கனடா நாட்டுக் கணினி நிறுவனங்களில் மென்பொருள் வடிவமைப்போரிடம் தெரேசா லெசியுக் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இசை கேட்கும் வழக்கத்தை நிறுத்திய நாள்களில் பணியின் தரம் தாழ்ந்தது. பணிக்கு நேரமும் கூடியது. பழகியவர்க்கு இசை உவகையைத் தந்து ஊக்குகிறது என்பது இதனால் அறியப்படும்.

ஆயினும் இசை கேட்டால் அறிவு பெருகும் என்று நம்புதல் பிழை. 1993-இல் ரௌஷர் முதலானோர் 36 கல்லூரி மாணவர்களை ஆராய்ந்தனர். மொசார்ட் இயற்றிய இசை ஒன்றைப் பத்து நிமிடம் கேட்டபின், வடிவங்களை மனத்தில் மாற்றிப் பார்க்கும் திறன் சற்றுக் கூடியதாக அவர்கள் எழுதினர். அவ்விளைவு கால்மணி நேரத்துக்கு மேல் நீடிக்கவில்லை. மேலும் மாணவர்கள் இசையைக் கேட்டது பணிக்கு முன்னரே தவிரப் பணியின்போது அன்று. அவ்விளைவும் இசையால் வந்த எழுச்சியினாலும் மகிழ்ச்சியினாலும் நேர்ந்ததே என 2001-இல் வேறு அறிஞர்கள் காட்டினர். எனவே பிள்ளைகள் படிக்கும் மேசையருகே பாட்டை ஓட விடுவதற்கு அந்த ஆய்வைச் சான்றாகக் கொள்ள இயலாது.

மௌனம் வெறுமை அன்று

2006-இல் பெர்னார்டி என்னும் மருத்துவரும் பிறரும் 24 பேருக்குப் பல்வகை இசையை ஒலித்து, அவர்தம் நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்தனர். விரைந்த இசையில் அவை உயர்ந்தன. இடையில் இரண்டு நிமிடம் இசையை நிறுத்தியபோது, தொடக்க நிலையினும் தாழ்ந்து உடல் அமைதியுற்றது. இசைக்கு நடுவில் வந்த மௌனமே மிகுந்த இளைப்பாறுதலைத் தந்தது.

மௌனத்தை வெறும் ஒலியின்மையாகக் கருதாமல் ஒரு பயிற்சியாகப் போற்றுவது நம் அறநெறி. மனம், மொழி, மெய் மூன்றையும் அடக்கிக் காக்கும் மூன்று குப்திகளுள் வசன குப்தியும் ஒன்று. நம் முனிவர்கள் ஆகாரம் ஏற்கும் வேளையிலும் மௌனம் காப்பர். செய்யும் செயலில் விழிப்போடு இருத்தலே இதன் பயன். இல்லறத்தார்க்கு அத்துணைக் கடுமை இல்லை. எனினும் கைவேலைப் பொழுதில் சிறிது நேரமேனும் மௌனம் பழகுதல் அந்நெறிக்கு அணியதே.

இன்று எழும் அச்சம் இசையைப் பற்றியதன்று, இடைவிடாமையைப் பற்றியது. விழிக்கும்போதும் உண்ணும்போதும் நடக்கும்போதும் செவியில் ஏதேனும் ஒன்று ஒலித்துக்கொண்டே இருந்தால், இசையும் இசையாகக் கேட்கப்படுவதில்லை. தன் மனம் பேசுவதும் கேட்பதில்லை. அமைதியில் தனித்திருக்க அறியாத பிள்ளை, வளர்ந்தபின் துன்பம் வந்துழித் தன்னோடு தானே ஆலோசிக்கவும் அறியாது. அதனைக் கற்பிக்கக் கைவேலையினும் எளிய பள்ளி வேறில்லை.

இல்லத்தில் கடைப்பிடிக்கத்தக்கவை

1. எண்ணுதல், அளத்தல், புதிய முறை கற்றல், எழுதுதல் ஆகியவற்றை மௌனத்தில் செய்க. கை பழகிய பகுதிக்கு இசையை வைத்துக்கொள்க.

2. இசை வேண்டுமாயின் வீணை, புல்லாங்குழல், நாகசுவரம் போன்ற வாத்திய இசையைத் தேர்க.

3. அரைமணி இசைக்குப் பின் சிறிது நேரம் நிறுத்துக. சிறந்த பாட்டாயின் கைவேலையை வைத்துவிட்டு அதனையே கேட்க.

4. ஒருவர்க்கு இசையாவது அருகிருப்பவர்க்கு இரைச்சலாகலாம். பொதுக் கூடத்தில் ஒலிக்க வைக்குமுன் முதியோரையும் படிக்கும் பிள்ளைகளையும் கேட்டுக்கொள்க. பிறர் அமைதியைக் குலையாதிருத்தலும் ஓர் அகிம்சையே.

5. இயர்போன் பயன்படுத்துவோர் ஒலியைக் கருவியின் உச்ச அளவில் 60 விழுக்காட்டுக்குக் கீழ் வைக்குமாறு உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகிறது.

பயிற்சி

குடும்பத்தில் உள்ளோர் ஒரே வகையான கைவேலையை இரு மாலைப் பொழுதுகளில் செய்து பார்க்கலாம். ஒரு நாள் பாட்டுடனும் மறுநாள் மௌனத்திலும் அரைமணி நேரம் செய்க. எத்தனை முறை அவிழ்த்துப் பின்ன நேர்ந்தது, முடிவில் மனம் எவ்வாறு இருந்தது என்பவற்றைக் குறித்துக்கொள்க. பின்னர் இவ்வினாக்களைக் கூடிச் சிந்திக்கலாம்:

பாட்டு ஒலித்த நாளில் கேட்ட பாடல்களுள் எத்தனை நினைவில் நிற்கின்றன? மௌனமாயிருந்த நாளில் எவ்வெண்ணங்கள் எழுந்தன? அவற்றுள் நாம் தவிர்க்க விரும்பிய எண்ணம் ஏதேனும் உண்டா?

இறுதி வினாவுக்குரிய விடையைப் பிறரிடம் கூற வேண்டுவதில்லை. தனக்குத் தானே உண்மையாகக் கூறிக்கொண்டால் போதும். இசையை அளவோடு துய்ப்போம். மௌனத்தை அஞ்சாது பழகுவோம்.